தலையெழுத்து என்று யார் சொன்னது? – லத்தீனாப் பெண்களும் முற்றிய புற்றுநோயும்

மருத்துவச் சமூகவியல் பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அமெரிக்காவில் வாழும் லத்தீனாப் பெண்களுக்குப் புற்றுநோய் முற்றிய நிலையில் வரும்போது அவர்களுடைய பண்பாட்டு நம்பிக்கைகள் அந்த அனுபவத்தை எப்படி மாற்றுகின்றன என்பது தலைப்பு. கட்டுரையைக் கொடுத்தாயிற்று. ஆனால் படித்ததில் பாதிக்கு மேல் அதில் இடம் பெறவில்லை, அதுவும் சுவாரசியமான பாதி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். 'லத்தீனா' என்றால் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிகன் குடியரசு, எல் சால்வடோர் என்று பல இடங்களில் வேர் கொண்ட பெண்கள். இவர்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டது அமெரிக்க அரசு. 1977-இல் மத்திய அரசின் ஓர் உத்தரவு 'ஹிஸ்பானிக்' என்ற பிரிவை எல்லா அரசுப் புள்ளிவிவரங்களுக்கும் பொதுவாக்கியது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் 'ஹிஸ்பானிக் பெண்களுக்குப் புற்றுநோய் எப்படி' என்று கணக்குப் பார்ப்பதே சாத்தியமானது. கணக்குப் பார்த்தபோது தெரிந்தது இது. வெள்ளைக்காரப் பெண்களைவிட இவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாகவே வருகிறது, ஆனால் கண்டுபிடிக்கப்படும்போது முற்றியிருப்பது அதிகம். கருப்பை வாய்ப் புற்றுநோயோ வருவதே அதிகம்.

ஏன் தாமதமாக வருகிறார்கள்? இந்தக் கேள்விக்கு ரெடிமேடாக ஒரு பதில் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் 'ஃபதலிஸ்மோ'. நம் பாஷையில் சொன்னால் எல்லாம் தலையெழுத்து என்று இருந்துவிடுவது.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1950, 60-களின் மானுடவியல் புத்தகங்களில் போய் நிற்கிறோம். மார்கரெட் கிளார்க் என்பவர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் 'சால் சி புவேதெஸ்' என்ற மெக்சிகோக்காரர் குடியிருப்பை ஆராய்ந்து 1959-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். (அந்தப் பெயருக்கு 'முடிந்தால் வெளியேறு' என்று அர்த்தம். மழை பெய்தால் தெருவெல்லாம் சேறு என்பதால் வந்த பெயர் என்பார்கள்.) வில்லியம் மேட்சன் தெற்கு டெக்சாஸைப் பற்றி 1964-இல் எழுதினார். மேட்சனின் புத்தகத்தில் வரும் மெக்சிகோ வம்சாவளி மனிதர், கடவுள் விட்ட வழி என்று எதையும் ஏற்றுக்கொள்பவர், நாளையைப் பற்றித் திட்டம் போடாதவர். 1968-இல் ஒக்தாவியோ ரொமானோ என்ற மானுடவியலாளர் இந்தப் புத்தகங்களை வரிசையாக எடுத்து வைத்து ஒரு காட்டமான கட்டுரை எழுதினார். அவரும் மெக்சிகோ வம்சாவளிதான். வேலைநிறுத்தம் செய்தவர்கள், சங்கம் அமைத்தவர்கள், எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவர்கள் எல்லோரும் இந்த மக்களில்தானே இருக்கிறார்கள், இவர்களை எப்படி வரலாறே இல்லாத, விதியே என்று கிடக்கிற கூட்டமாக எழுத முடிந்தது என்பதுதான் அவருடைய கேள்வி. யோசித்துப் பாருங்கள், விதியே என்று இருப்பவர் ஏன் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வேறு நாட்டுக்கு வேலை தேடி வருகிறார்?

ஆனால் மருத்துவர்கள் ரொமானோவைப் படிக்கவில்லை போலிருக்கிறது. 'ஃபதலிஸ்மோ' அப்படியே மருத்துவ இதழ்களுக்குள் குடிபுகுந்தது.

1992-இல் எலிசேயோ பெரெஸ்-ஸ்டேபிளும் அவர் குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் ஒரே மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருந்த லத்தீனோக்களையும் வெள்ளையர்களையும் தொலைபேசியில் கேட்டார்கள். புற்றுநோய் என்பது மரண தண்டனை மாதிரி என்று நினைத்த லத்தீனோக்கள் 46 சதவீதம், வெள்ளையர் 26. அடிபட்ட காயத்தால் புற்றுநோய் வரும் என்றவர்கள் 53, 34. குணப்படுத்த முடியாத புற்றுநோய் என்றால் எனக்குத் தெரியவே வேண்டாம் என்றவர்கள் 35, 23. இந்த நோய் கடவுள் கொடுத்த தண்டனை என்றவர்கள் 7, 2.

இந்த எண்களை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, அவர்களுடைய நம்பிக்கையே வேறு' என்று பேசியவர்கள் நிறையப் பேர். எனக்கு அதே எண்கள் வேறு மாதிரித் தெரிகின்றன. கடவுளின் தண்டனை என்று நூற்றுக்கு 93 லத்தீனோக்கள் நினைக்கவில்லை. வெள்ளையரிலேயே மூன்றில் ஒருவர் அடிபட்டால் புற்றுநோய் வரும் என்கிறார். வேறுபாடு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அளவில் இருக்கும் வேறுபாடு. இரண்டு தனித்தனி உலகங்கள் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

நம்பிக்கைகள் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். லியோ சாவேஸ் என்ற மானுடவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மெக்சிகோ, எல் சால்வடோரிலிருந்து வந்த பெண்களிடமும், அங்கேயே பிறந்து வளர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடமும், வெள்ளைக்காரப் பெண்களிடமும், மருத்துவர்களிடமும் 'புற்றுநோய் எதனால் வருகிறது' என்று கேட்டார். புதிதாக வந்த பெண்கள் மார்பகப் புற்றுநோய்க்கு முக்கியமாகச் சொன்னது மார்பில் பட்ட அடி. மருத்துவர்கள் சொன்னது வயது, குடும்பத்தில் யாருக்காவது இருந்த வரலாறு. கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்ததும் அந்தப் பெண்களின் பதிலில் ஒழுக்கம் நுழைந்துவிடுகிறது. தப்பான நடத்தை, கருக்கலைப்பு, சுத்தமின்மை என்று போகிறது பட்டியல்.

கருப்பை வாயில் புற்று என்று சொல்லப்பட்ட பெண் நோயோடு சேர்த்து ஒரு சந்தேகத்தையும் சுமக்கிறாள் என்று இதற்கு அர்த்தம். கணவன் என்ன நினைப்பான், மாமியார் என்ன நினைப்பாள். வேடிக்கை என்னவென்றால், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு மருத்துவர்களும் பாலுறவையே முதல் காரணமாகச் சொன்னார்கள். பரவுவது எச்பிவி என்ற வைரஸ், கணவன் ஒருவனை மட்டுமே அறிந்த பெண்ணுக்கும் அவன் மூலமாக அது வரலாம் என்று பொறுமையாக விளக்காமல் 'எத்தனை பேருடன்?' என்று மட்டும் கேட்டால், மருத்துவமனையும் மாமியார் வீடும் அவளுக்கு ஒன்றுதான்.

இதே காலத்தில் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1990-இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஏழைப் பெண்களுக்கும் காப்பீடு இல்லாத பெண்களுக்கும் மார்பக, கருப்பை வாய்ப் பரிசோதனை செய்ய மத்திய அரசு பணம் தரும். நல்ல சட்டம்தான். ஆனால் பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தால் சிகிச்சைக்கு? அதற்கு அந்தச் சட்டத்தில் பணம் இல்லை. அங்கே இங்கே தர்ம காரியமாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு சட்டம் வந்தது 2000-ஆம் ஆண்டில். நடுவில் பத்து வருஷம்! 2000 சட்டத்திலும் குடியேற்ற ஆவணம் இல்லாத பெண்களுக்கு இடமில்லை. 'கண்டுபிடித்து மட்டும் என்ன ஆகப்போகிறது' என்று அந்தப் பத்து வருஷத்தில் ஒரு பெண் சொல்லியிருந்தால் ஆய்வாளர் அதை ஃபதலிஸ்மோ என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பார். அவள் சொன்னது அன்றைய நிலவரம், அவ்வளவுதான்.

சரி, நோய் முற்றிவிட்டது என்று தெரிந்த பிறகு என்ன நடக்கிறது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது. நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா வேண்டாமா?

1995-இல் லெஸ்லி பிளாக்ஹால் குழுவினர் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 65 வயதுக்கு மேற்பட்ட 800 பேரைச் சந்தித்தார்கள். மெக்சிகோ, கொரியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று நான்கு வம்சாவளிகள், ஒவ்வொன்றிலும் 200 பேர். உடலில் பரவிவிட்ட புற்றுநோய் என்றால் அதை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, ஆம் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியில் 87 சதவீதம், கறுப்பினத்தவரில் 88, மெக்சிகோ வம்சாவளியில் 65, கொரிய வம்சாவளியில் 47. இனிப் பிழைக்க மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டுமா என்றபோது மெக்சிகோ வம்சாவளியில் ஆம் என்றவர்கள் 48 சதவீதமாக இறங்கினார்கள். உயிர்காக்கும் கருவிகளைப் பற்றி நோயாளியே முடிவெடுக்க வேண்டும் என்றவர்கள் 41. மற்றவர்களில் பலருக்கு அது குடும்பத்தின் வேலை.

இதைத்தான் 'ஃபமிலிஸ்மோ' என்கிறார்கள், குடும்பமே முதல் என்ற எண்ணம். மகன்களும் மகள்களும் கூடிப் பேசுகிறார்கள், அம்மாவிடம் சொல்லாதீர்கள், மனம் உடைந்துபோவாள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். அம்மாவுக்கும் தெரியும். பிள்ளைகள் உடைந்துபோவார்களே என்று அவள் தெரியாத மாதிரி இருக்கிறாள். அமெரிக்க டாக்டருக்கு இது தலைவலி, ஏனென்றால் நோயாளிக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது என்பது அவர்களுடைய வேதம்.

அந்த வேதத்தின் வயது என்ன தெரியுமா? 1961-இல் டொனால்ட் ஓக்கன் என்பவர் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் கேட்டார். பத்துக்கு ஒன்பது பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். காரணம்? மனம் உடைந்துபோவார்கள், நம்பிக்கையைப் பறிக்கக்கூடாது. அப்படியே அந்த மெக்சிகோ மகள் சொன்னதுதான்! 1979-இல் அதே கேள்விகளை வேறு மருத்துவர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு வருஷத்தில் தலைகீழ். நோயாளியின் விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை மருத்துவமனைகள் தெரிவித்தாக வேண்டும் என்ற மத்தியச் சட்டம் 1990-இல்தான் வந்தது. பிளாக்ஹால் பேசிய 70, 80 வயதுப் பாட்டிகள் தங்கள் வாழ்நாளில் பெரும்பகுதி பார்த்த மருத்துவ உலகம், எல்லை இரண்டு பக்கத்திலும், சொல்லாத உலகம். அவர்களுடைய பதிலை 'மெக்சிகோப் பண்பாடு' என்று மட்டும் எழுதினால், டாக்டர்கள் தாங்கள் நேற்றுவரை நம்பியதை மறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஆய்விலேயே மெக்சிகோ வம்சாவளியினருள் வயதும் வறுமையும் கூடக்கூட 'சொல்ல வேண்டாம்' என்பதும் கூடியது என்று இருக்கிறது.

அதே லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் முன்பு நடந்த ஒரு வழக்கை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் சம்பந்தப்பட்டது இல்லை. ஆனால் மருத்துவமனை நீட்டும் காகிதத்தில் ஒரு லத்தீனாப் பெண் ஏன் கையெழுத்துப் போடத் தயங்குவாள் என்று புரிய இது வேண்டும்.

1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் அங்கிருந்த பெரிய அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. பிரசவ வலியில் துடிக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு படிவம் நீட்டப்படும். ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்தவள் கையெழுத்துப் போடுவாள். இனிக் குழந்தை பிறக்காது என்பது சிலருக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளே வேலை பார்த்த பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட் என்ற இளம் டாக்டர் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். அன்டோனியா எர்னாண்டஸ் என்ற இளம் வக்கீல் பெண்களைத் தேடிக் கண்டுபிடித்தார். 1975-இல் பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். மத்ரிகால் எதிர் குவிலிகன் என்பது வழக்கின் பெயர்.

பெண்கள் தரப்பில் கார்லோஸ் வேலெஸ் என்ற மானுடவியலாளர் சாட்சி சொன்னார். இந்தப் பெண்கள் வளர்ந்த சூழலில் தாய்மைக்கு எவ்வளவு மதிப்பு, அதை இழப்பது எவ்வளவு பெரிய அடி என்று விளக்கினார். 1978-இல் நீதிபதி ஜெஸ்ஸி கர்ட்டிஸ் தீர்ப்புச் சொன்னார். டாக்டர்கள் மீது தப்பில்லை, நடந்தது தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட கோளாறு. அதோடு நிற்கவில்லை. இந்தப் பெண்கள் இவ்வளவு வேதனைப்படுவதற்குக் காரணம் அவர்களுடைய பண்பாட்டுப் பின்னணி, அதை டாக்டர்கள் எப்படி அறிந்திருக்க முடியும் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கு ஆதரவாகச் சொன்ன சாட்சியமே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. வழக்கில் தோற்றாலும் ஸ்பானிஷ் மொழியில் படிவம், யோசிக்க அவகாசம் போன்றவை வர இந்தப் போராட்டம் ஒரு காரணம். கவுண்டி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2018-இல், நாற்பது வருஷம் கழித்து.

இனி வலி. முற்றிய புற்றுநோயில் பெரும் பயம் அதுதானே.

ஸ்பானிஷ் மொழியில் 'அகுவாந்தார்' என்று ஒரு சொல் உண்டு. தாங்கிக்கொள்வது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது. நல்ல பெண் தாங்கிக்கொள்வாள் என்ற எண்ணத்துக்கு எவலின் ஸ்டீவன்ஸ் என்ற அரசியல் அறிஞர் 1973-இல் 'மரியானிஸ்மோ' என்று பெயர் வைத்தார். மேரி மாதாவைப் போலத் துன்பத்தைச் சகிப்பவள், அதனாலேயே ஆணைவிட உயர்ந்தவள் என்று கருதப்படுபவள். இந்தச் சொல் நர்ஸிங் பாடப்புத்தகம் வரை போய்விட்டது. மரிசா நவார்ரோ என்ற வரலாற்றாசிரியர் 2002-இல் இதை வெளுத்து வாங்கினார். இத்தனை நாடுகள், இத்தனை வர்க்கங்கள், பழங்குடிகள், கறுப்பினப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாதா பொம்மையா என்பது அவர் வாதம். நான் நவார்ரோ கட்சி. ஆனாலும் 'அகுவாந்தார்' என்ற சொல்லைப் பெண்கள் தாங்களே பயன்படுத்துகிறார்கள் என்பதை மறுக்க முடியாது. வலியை முனகாமல் இருப்பது, மார்ஃபின் வேண்டாம் என்பது (மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டம், அல்லது போதை என்ற பயம்), குழந்தைகள் எதிரில் முகம் சுளிக்காமல் இருப்பது, இவையெல்லாம் உண்மை.

இந்த இடத்தில் மூன்று ஆய்வுகளை அடுத்தடுத்துப் படித்தேன். அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

முதலாவது 1993. நாக்ஸ் டாட் என்ற டாக்டர், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கை கால் எலும்பு முறிந்து வந்த 139 பேரின் பதிவேடுகளைப் பார்த்தார். வலி மருந்தே தரப்படாதவர்கள் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரில் 26 சதவீதம், ஹிஸ்பானிக் நோயாளிகளில் 55. எலும்பு முறிவில் என்ன பண்பாட்டு நம்பிக்கை இருக்கிறது சொல்லுங்கள்?

இரண்டாவது 1994. சார்லஸ் கிளீலாண்ட் குழு, உடலில் பரவிய புற்றுநோயுள்ள 1,308 வெளிநோயாளிகளை ஆராய்ந்தது. வலி இருந்தவர்களில் 42 சதவீதம் பேருக்குப் போதுமான மருந்து கொடுக்கப்படவில்லை. சிறுபான்மையினர் அதிகம் வரும் மையங்களில் சிகிச்சை பெற்றவர்களுக்கு இப்படி நேரும் வாய்ப்பு மூன்று மடங்கு.

மூன்றாவது 2000. ஷான் மாரிசன் குழு நியூயார்க் நகரத்தின் மருந்துக் கடைகளில் மார்ஃபின் வகை மருந்துகள் இருப்பில் இருக்கிறதா என்று பார்த்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 72 சதவீதக் கடைகளில் போதுமான இருப்பு இருந்தது. மற்றவர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 25 சதவீதக் கடைகளில்தான்.

அதாவது டாக்டர் எழுதிக் கொடுத்து, நோயாளி பயத்தை விட்டு, மகள் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடினாலும் நாலு கடையில் மூன்றில் சரியான இருப்பு இல்லை. அப்புறம் தாங்கிக்கொள்ளாமல் என்ன செய்வது? 'அகுவாந்தார்' எவ்வளவு தூரம் பரம்பரை குணம், எவ்வளவு தூரம் கடையில் சரக்கு இல்லாததன் விளைவு என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

கடவுள் நம்பிக்கைக்கு வருகிறேன். மெக்சிகோவில் 'மந்தா' என்று ஒரு வழக்கம் உண்டு, அச்சு அசல் நேர்த்திக்கடன். நோய் குணமானால் இந்தக் கோயிலுக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொள்வது. குணமானால் 'ரெதாப்லோ' என்று தகரத் தகட்டில் நடந்ததை ஓவியமாக வரைந்து கீழே நாலு வரி எழுதி மாட்டுவார்கள். நம் ஊர்க் கோயில்களில் வெள்ளியில் கண், கால் செய்து போடுகிற மாதிரி சின்ன உலோக உறுப்புகளும் உண்டு. ஹோர்கே துராந்த், டக்ளஸ் மாஸி இருவரும் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன மெக்சிகோக்காரர்களின் ரெதாப்லோக்களைத் திரட்டி 1995-இல் ஒரு புத்தகமே போட்டார்கள். அதில் என்னைக் கவர்ந்தது அறுவைச் சிகிச்சைக்காக நன்றி சொல்லும் படங்கள். அங்கே மருத்துவமும் மாதாவும் ஒரே தகட்டில் இருக்கிறார்கள், ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும் என்றில்லை.

இதையே ஆய்வு மொழியில் சொன்னது கேரன் ஃப்ளோரஸ், அனா அப்ரைடோ-லான்சா குழு. அப்ரைடோ-லான்சா 2007-இல் ஃபதலிஸ்மோ என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்து எழுதினார். வறுமையும் காப்பீடு இல்லாததும் கணக்கில் வராமல் போகின்றன என்பது அவர் குறை. 2009-இல் வந்த ஆய்வில் நியூயார்க்கில் வாழும் டொமினிகன் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசினார்கள். அவர்கள் பேச்சில் 'தெஸ்தினோ', அதாவது விதி, வந்துகொண்டே இருந்தது. ஆனால் விதி இருக்கிறது என்பதற்காகப் பரிசோதனைக்குப் போகாமல் இருப்பது சரி என்று அந்தப் பெண்கள் சொல்லவில்லை. கடவுள் ஒரு பக்கம், நாம் செய்ய வேண்டியது ஒரு பக்கம் என்றுதான் பேசினார்கள். நோய் முற்றிய நிலையில் 'கடவுள் கையில்' என்று ஒரு பெண் சொல்வதை டாக்டர் 'சிகிச்சை வேண்டாம் என்கிறாள்' என்று எழுதிக்கொள்ளக்கூடாது என்பது இதிலிருந்து எனக்குப் புரிந்தது. பல சமயம் அது 'நான் இன்னும் விடவில்லை' என்பதாகக்கூட இருக்கலாம்.

கடைசியாக ஒரு சொல்லைப் பற்றி. ஹாஸ்பிஸ். குணப்படுத்த முடியாது என்றான பிறகு வலி இல்லாமல், பெரும்பாலும் வீட்டிலேயே, பார்த்துக்கொள்ளும் சேவை. அமெரிக்காவில் 1982-இல் போடப்பட்ட சட்டத்தால் முதியோருக்கான அரசுக் காப்பீடு இதற்குப் பணம் தர ஆரம்பித்தது. ஆறு மாதத்துக்கு மேல் உயிர் தங்காது என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். இதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது? 'ஹாஸ்பிஸ்' போலவே ஒலிக்கிற ஸ்பானிஷ் சொல் 'ஓஸ்பீசியோ'. அந்தச் சொல்லுக்கு மெக்சிகோவில் என்ன அர்த்தம் என்று குவாதலஹாரா நகரத்துக்காரரைக் கேட்டால் போதும். அங்கே ஓஸ்பீசியோ கபான்யாஸ் என்று ஒரு பிரம்மாண்டமான கட்டடம் இருக்கிறது, ஓரோஸ்கோவின் சுவரோவியங்களால் உலகப் புகழ் பெற்றது, 1997 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். கட்டப்பட்டது அனாதைகளுக்கும் கதியற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும். 1980 வரை அங்கே அனாதைக் குழந்தைகள் வளர்ந்தார்கள். அம்மாவை ஓஸ்பீசியோவில் சேர்க்கலாமா என்று ஒரு நர்ஸ் கேட்டால் மகள் காதில் அது 'அம்மாவை அனாதை இல்லத்தில் விட்டுவிடலாமா' என்று விழும். அவள் கோபப்பட்டு எழுந்து போனால் அறிக்கையில் 'குடும்பப் பற்று காரணமாக மறுத்தார்' என்று எழுதப்படும்.

மொழிபெயர்ப்பாளர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அரசுப் பணம் பெறும் அமைப்புகள் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு மொழி உதவி தருவதை வலியுறுத்தி 2000-இல் அதிபர் கிளிண்டன் ஓர் ஆணை போட்டார். 2025 மார்ச்சில் அது ரத்து செய்யப்பட்டது. சட்டத்தின் அடிப்படை உரிமை 1964 சிவில் உரிமைச் சட்டத்திலிருந்து வருவதால் எல்லாம் ஒரேயடியாகப் போய்விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்திருக்கிறது. இதற்கு நடுவில் மெக்சிகோ சும்மா இருக்கவில்லை. மெக்சிகோ நகரம் 2008-இல் நோயாளி தன் கடைசி விருப்பத்தை முன்கூட்டியே பதிவு செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2009-இல் தேசியச் சுகாதாரச் சட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்பு சேர்க்கப்பட்டது. 'சொல்லாத பண்பாடு' என்று அமெரிக்கப் புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்தபோதே அந்தப் பண்பாடு மாறிக்கொண்டிருந்தது.

இன்னொரு ஆய்வைச் சொல்லி முடிக்கிறேன், கொலராடோ மாநிலத்தில் நடந்தது, ஸ்டேசி ஃபிஷர் குழு 2018-இல் வெளியிட்டது. முற்றிய புற்றுநோயுள்ள 223 லத்தீனோக்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் தகவல் புத்தகங்கள் போயின. ஒரு பாதிக்கு மட்டும் அதோடு ஒரு வழிகாட்டி, அவர்களுடைய மொழியும் பழக்கமும் தெரிந்த ஒருவர், ஐந்து முறை வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசினார். அவர் டாக்டரோ நர்ஸோ இல்லை. குடும்பத்தைப் பற்றி, வலியைப் பற்றி, கடவுளைப் பற்றி, என்ன வேண்டும் என்ன வேண்டாம் என்பதைப் பற்றிப் பேச்சு. வழிகாட்டி போன வீடுகளில் கடைசி விருப்பங்களை எழுதி வைத்தவர்கள் தெளிவாக அதிகம். வலியைக் கையாள்வதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஹாஸ்பிஸில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையிலும் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.